புளி போட்டுத் தேய்த்த விளக்கு

சென்ற மாதம் என் தம்பி மகள் என்னை மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் கைவினைப் பொருள் கடைக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்சாதனம், குனிந்தால் முகம் தெரிகிற தரை. ஓர் ஓரத்தில் கன்னங்கரேலென்று ஒரு குத்துவிளக்கு நின்றது. நான் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு விற்பனைப் பெண் ஓடி வந்தாள்.

“ஆன்டிக் ஃபினிஷ் மேடம். புதுசுதான். மருந்து போட்டுக் கறுப்பாக்குறது. ஆனா வூட்ல புளி கிளி போட்டுத் தேச்சுடாதீங்க, போயிடும்.”

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கவே இல்லை. அந்தப் பெண் பயந்துபோய் என் தம்பி மகளைப் பார்த்தாள். “அத்தை இதே ஊர்ல இதே வேலை பார்த்தவங்க” என்று அவள் சமாதானம் சொன்னாள். “அப்பல்லாம் மருந்து கெடையாதே, பழசுன்னு எப்படி வித்தீங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள். நின்றுகொண்டே சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் படாளத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். மிஷன் விடுதியில் தங்கிச் செங்கல்பட்டில் படித்தேன். வெள்ளைக்கார டீச்சர் காதைத் திருகித் திருகிச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் ஒன்றுதான் என் சொத்து. ஐம்பதுகளின் பின்பாதியில், சென்னை முதலாளி ஒருவர் மாமல்லபுரத்தில் கைவினைப் பொருள் கடை வைத்தார். கார்களில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களிடமும் வெளிநாட்டுக்காரர்களிடமும் பேச ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் போதகர் மூலம் தெரிந்து போனேன். மேனேஜர் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தெரியாததைத் தெரியாதுன்னு இங்கிலீஷ்ல சொல்லத் தெரியுமா?”

சொல்லிக் காட்டினேன். “நாளைலேர்ந்து வா” என்றார்.

அவர் பெயர் சேஷாத்ரி. திருக்கழுக்குன்றத்துக்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். தினமும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் வீட்டிலிருந்து கொண்டுவரும் பித்தளைச் செம்பு. அந்தச் செம்புத் தண்ணீரைத் தவிர கடையில் வேறு தண்ணீர் குடிக்க மாட்டார். எங்கள் யார் கையிலிருந்தும் எதுவும் வாங்கிக் குடித்தது கிடையாது. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி மற்ற நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

அவர் கடை நடத்திய விதம் அந்தத் தெருவில் யாருக்கும் பிடிக்காது. மூன்று அலமாரிகள். ஒன்றில் புதுசு, ஒன்றில் பழசு, மூன்றாவதில் தெரியாது. ஆமாம், ‘தெரியாது’ என்றே ஓர் அலமாரி. உளிச்சத்தம் கேட்கிற தூரத்திலிருந்து வரும் கல் சிலைகள், சங்கு வேலைகள், கைத்தறிப் புடவைகள் எல்லாம் புதுசு. அக்கம்பக்கத்தில் சிலர் புது வெண்கலத்தை உப்பு மண்ணில் புதைத்து, பச்சைக் களிம்பு ஏறியதும் தோண்டி எடுத்து, ‘ராஜா காலம்’ என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடையில் அது நடக்காது. வருகிறவர்கள் பின்னாலேயே போகக் கூடாது. அவர்கள் எடுத்துப் பார்க்கட்டும். கேட்டால் புதுசா பழசா என்று முதலில் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் விலை. பேரம் கிடையாது.

வாங்கியதைக் கட்டுவதற்கும் முறை உண்டு. முதலில் துடைக்க வேண்டும். அப்புறம் பழைய வேட்டித்துணி சுற்றி, அதன்மேல் வைக்கோல் பிரி சுற்றி, பலகைப் பெட்டியில் இறக்கி, இடுக்கெல்லாம் வைக்கோல் திணித்து, பெட்டியை ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சத்தம் வந்தால் மறுபடி பிரித்துக் கட்ட வேண்டும். “துடைச்சுக் கட்டு, துடைச்சுக் கட்டு” என்பது நாள் முழுவதும் அவர் சொல்லுகிற மந்திரம்.

ஒருமுறை பம்பாயிலிருந்து வந்த ஒரு அம்மாள் ஈரிழைத் துண்டு நிறைய வாங்கினார். குளித்துத் துவட்டுகிற துண்டுதான், அதை மேசை விரிப்பாகப் போடப்போவதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் கார் ஏறியதும் சேஷாத்ரி சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“வாங்கினப்புறம் அது அவாளோடது. தலையில கட்டிக்கட்டும், தரையில விரிக்கட்டும். நமக்கு என்ன?” என்றார். அன்று கொஞ்ச நேரம்தான் துடைத்தார்.

பழைய சாமான்களுக்கு அவர் செங்கல்பட்டுக்குப் போவார். அங்கே பாத்திரக்கடைகளில் பழைய பித்தளையைப் போட்டுவிட்டுப் புதுக் குடமும் தவலையும் வாங்கிப் போகிறவர்கள் அதிகம். அப்படி விழுந்த பழசெல்லாம் உருக்கப் போகும் முன், கடையின் கொல்லைப்புறத்தில் குவிந்து கிடக்கும். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் குவியலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஏதாவது அகப்படும். நான் சொல்ல வந்த விளக்கும் அங்கிருந்து வந்ததுதான்.

இனி அஞ்சலை. மீனவர் குப்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். புருஷன் காசநோயில் படுத்துவிட்டதால் வீடு இவள் கையை நம்பித்தான் இருந்தது. கடை பெருக்க, சாமான் கழுவ, கட்டுவதற்கு எடுத்து வைக்க அவளைச் சேர்க்கலாம் என்று சேஷாத்ரி சார் சொன்னபோது சென்னை முதலாளிக்கு இஷ்டமில்லை. குப்பத்து ஆளை உள்ளே விட்டால் சாமான் நிற்காது என்று என் காது கேட்கவே சொன்னார். “சாமான் போனா என்னைக் கேளுங்கோ” என்று சார் பதில் சொல்லிவிட்டார். முதலாளி விடவில்லை. ஒரே ஒரு புகார் வந்தாலும் அவளை போலீஸில் ஒப்படைப்பேன், உம்மையும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கார் ஏறினார். அஞ்சலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் என்னைப் பற்றியும் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியாதா? அவள் போனால் அடுத்தது நான்.

அஞ்சலை விடியற்காலையில் வந்து சாவி போட்டுத் திறப்பாள், மத்தியானம் போய்விடுவாள். வாய் ஓயாது. கை அதைவிட ஓயாது.

ஒருநாள் சாயங்காலம் வந்த பெண்மணி ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூட ஆசிரியை. ஒல்லியான, வெயிலில் சிவந்த முகம். வெள்ளைக் கித்தான் காலணி போட்டிருந்தார். இந்தியா முழுவதும் சுற்றிவிட்டுச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறப் போகிறவர். போன நகரத்திலெல்லாம் ஆசையாக ஒரு பழைய பொருள் வாங்கியிருக்கிறார், போன நகரத்திலெல்லாம் ஏமாந்திருக்கிறார். ஓர் ஊரில் வாங்கிய அரண்மனைச் சால்வையை நனைத்ததும் வாளி முழுக்கச் சாயம். இன்னோர் ஊரில் வாங்கிய அந்தக் காலத்துக் குத்துவாளைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இந்தக் காலத்துக் கம்பெனி முத்திரை. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

பழசு அலமாரியில் நின்ற அந்த ஐந்துமுக விளக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முழங்கால் உயரம், உச்சியில் அன்னம். எண்ணெயும் புகையும் ஏறி ஏறி அட்டைக்கறுப்பு. இடுக்குகளில் பச்சைக் களிம்பு.

“இது பழையதா?” என்றார்.

“பழையதுதான். எவ்வளவு பழையது என்று எங்களுக்குத் தெரியாது” என்றேன்.

“தெரியாது என்று இந்த நாட்டில் எனக்குச் சொன்ன முதல் ஆள் நீதான்” என்றார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஏற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டார். நான் கிறிஸ்தவப் பெண், சாரைத் திரும்பிப் பார்த்தேன். “ஏத்தும்மா, அது இன்னும் கடைச் சாமான்தானே” என்றார். எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஐந்து முகமும் ஏற்றினேன். அந்த அம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முகத்தின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டி அவருடைய வெள்ளைக் காலணியில் விழுந்தது. மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருந்திருக்கிறது. நான் பதறினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பொய்யாகச் செய்திருந்தால் ஒழுகாமல் செய்திருப்பார்கள்!” என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு, காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பயணிகள் பங்களாவுக்குப் போய்விட்டார். நான் எண்ணெயை வடித்துவிட்டு விளக்கைக் கட்டுகிற மேசையில், வைக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை நான் கடைக்கு வந்தபோது வாசல் படியில் ஏதோ தகதகவென்று மின்னியது. கிட்டப் போனேன். அதே விளக்கு. அஞ்சலை அதைப் படியில் வைத்து, இடுப்பில் கைவைத்து நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புளிச்சக்கை, செங்கல் தூள், தேங்காய் நார்.

“இன்னா எஸ்தரு, எப்டி கீது? மூஞ்சி தெரியுதா பாரு. வெடிகாலைலேர்ந்து தேச்சுகினு கீறேன்.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முதல் கணத்தில் எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பெண் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அப்புறம்தான் அந்த அம்மாளின் நினைவு வந்தது.

“ஐயோ அக்கா, இன்னா பண்ணி வெச்சிருக்க! அவங்க கறுப்பா இருந்ததுக்குத்தானே வாங்கினாங்க?”

“இன்னா பேஜாரு பண்ற? கரி புடிச்ச வெளக்கைப் போயி யாராச்சும் ஆசப்பட்டு வாங்குவாங்களா? தொடச்சுக் கட்டுன்னு சாமிதானே சொல்லும் தெனம்?”

சார் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். விளக்கைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார், குடையை மடித்து வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. அஞ்சலைக்கு அப்போதுதான் விஷயம் கொஞ்சம் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

அந்த அம்மாள் வந்தார். படியில் இருந்த விளக்கைப் பார்த்துவிட்டுத் தாண்டி உள்ளே போனார். “என் விளக்கைக் கட்டியாயிற்றா?” என்றார்.

“இதுதான்” என்றேன். படியில் இருந்ததைக் கைகாட்டினேன்.

அவர் திரும்பி வந்து விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “நீயுமா?” என்று மட்டும் கேட்டார். அந்த வார்த்தை நெஞ்சில் இன்னும் கிடக்கிறது.

தேய்த்தார்கள், மாற்றவில்லை என்று நான் சொன்னேன். என் இங்கிலீஷ் உடைந்து உடைந்து வந்தது. இந்த மாதிரி விளக்கங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன் என்றார் அவர். தன்னுடையது வேண்டும், இல்லையென்றால் சென்னைக்குப் போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனில் இறங்கி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன் என்றார். சுவரோரம் நின்ற அஞ்சலையைப் பார்த்து, “இவள்தான் எடுத்தாளா?” என்றும் கேட்டார்.

சேஷாத்ரி சார் முன்னால் வந்தார். கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது. “துடைத்துக் கட்டச் சொன்னது நான். அவள் என்னுடைய ஆள். அவள்மேல் தப்பில்லை. அம்மா, இது நீங்கள் வாங்கிய விளக்குத்தான். ஆனால் விற்றபிறகு அது உங்களுடையது. அதை நாங்கள் தொட்டிருக்கக் கூடாது” என்று இங்கிலீஷில் சொன்னார். பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்.

“பணம் வேண்டாம். எனக்கு உண்மை வேண்டும்” என்றார் அந்த அம்மாள். கொஞ்சம் யோசித்தார். தன் காலணியைக் குனிந்து பார்த்தார். நேற்றைய எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. “ஏற்றுங்கள்” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் எண்ணெய் எடுத்து வந்தேன். ஒழுகுமே! ஒழுகினால் தீர்ந்தது. ஊற்றினேன், திரி போட்டேன், பட்டப்பகலில் ஐந்து முகமும் ஏற்றினேன். மூன்று பேரும் குனிந்து அந்த ஒரு முகத்தின் அடியையே பார்த்தோம்.

ஒழுகவில்லை.

எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. சுடர் நின்று எரிந்தது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை. வேறு முகமாக இருக்குமோ என்று விளக்கைச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் ஒழுகவில்லை. அந்த அம்மாள் நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, சலிப்புத்தான் இருந்தது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். சார் கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமலே துடைப்பதை நிறுத்திவிட்டார். அதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் வேலை, அஞ்சலையின் வேலை, அவருடைய வேலை எல்லாம் அந்தப் படியோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அஞ்சலைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நாங்கள் பார்த்த இடம் அவளுக்குத் தெரிந்தது. சுவரை விட்டு மெதுவாகக் கிட்ட வந்தாள்.

“ஏன் எஸ்தரு, இன்னாத்துக்கு எல்லாரும் அந்த ஒரு மொகத்தையே பாத்துகினு கீறீங்க?”

“அது ஒழுகணும்க்கா. நேத்து ஒழுகிச்சு. ஒழுகினாத்தான் அவங்க வெளக்கு.”

அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவு படித்தும் இப்படி இருக்கிறாயே என்கிற பார்வை.

“அட கஸ்மாலமே! கழுவி நிறுத்தி எண்ணெ வுட்டுப் பாத்தேன், ஒழுவுச்சு. ஒழுவுற வெளக்க எப்டி ஒருத்தர் வூட்டுக்கு அனுப்புறது? அதான் படகுக்கு வெக்கிற குங்கிலியத்தக் காச்சி அடச்சுட்டேன். நம்ம குப்பத்து அடப்பு, கடல் தண்ணியே பூராது, இந்த எண்ணெயா பூரும்?”

அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். வாடிக்கையாளரைத் தொடக் கூடாது என்பது கடைச் சட்டம். சட்டமாவது ஒன்றாவது. “நேற்றுச் சாயங்காலம் இவள் இங்கே இல்லை. ஒழுகியதை யாரும் இவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இவளே பார்த்து, ஓட்டையை அடைத்திருக்கிறாள்” என்று சொன்னேன்.

அவர் அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை கொண்டையிலிருந்து ஊசியை உருவி, விளக்கைச் சாய்த்து, அந்த முகத்தின் அடியில் இளகியிருந்த குங்கிலியத்தைச் சுரண்டி எடுத்தாள். கடைசித் துணுக்கு வரும்போது சூடு பட்டு விரலை உதறிக்கொண்டாள். விளக்கு நிமிர்ந்தது. எண்ணெய் திரண்டு நின்று ஒரு சொட்டு விழுந்தது. அந்த அம்மாள் கையை நீட்டி அதை உள்ளங்கையில் வாங்கினார். இரண்டாவது சொட்டையும் வாங்கினார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்” என்றார்.

சொன்னேன். அஞ்சலைக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. திருடி என்று நினைத்தார்கள் என்பதே அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் கேட்டது வேறு.

“அந்தக் கறுப்பு அவங்களுக்கு அவ்ளோ வேணுமாமா?”

“ஆமாக்கா.”

“அதுக்கு இன்னா? ஊருக்குப் போயி தெனம் ஏத்தச் சொல்லு. தன்னால கறுக்கும்.”

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். அப்புறம் அவர், ஓட்டையை அடைத்தே கொடுக்கச் சொன்னார். தினமும் ஏற்றுவதானால் ஒழுகக் கூடாதல்லவா என்றார். அஞ்சலை குப்பத்துக்கு ஓடி மறுபடி குங்கிலியம் காய்ச்சி எடுத்து வந்தாள். இரண்டு பேரும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலே பேசிக்கொண்டு அடைத்தார்கள். விளக்கைப் பெட்டியில் கட்ட அவர் ஒப்பவில்லை. காரில் ஏறி மடியில் வைத்துக்கொண்டே போனார்.

கார் திரும்பி மறைந்தபிறகு நாங்கள் மூவரும் வாசலிலேயே நின்றோம். சார் கண்ணாடியைத் துடைக்காமலே மாட்டிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று அஞ்சலை தலையைக் குனிந்தாள். நானும் குனிந்தேன்.

“அஞ்சலை” என்றார்.

“சாமி.”

“எங்காத்துப் பூஜை விளக்கும் ரொம்ப நாளா ஒழுகறது. அம்மா காலத்து விளக்கு. நாளைக்குக் கொண்டு வரேன், அடைச்சுத் தரயா?”

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். அவர் செம்பைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“தேச்சும் குடுக்கட்டுமா சாமி?”

“நன்னாத் தேய்” என்றார்.